மஞ்சளடித்த கன்றுகள்

நான் போடும் தேநீருக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல பெயர். அதைக் குடித்தால்தான் வெயிலம்மாவுக்குப் பொழுது விடியும். அவள் எங்கள் இயக்குநரின் மனைவி. பாட்டில்களில் நாங்கள் வளர்த்துக் கொடுக்கும் கன்றுகளை மண்ணில் நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர்.

என் வேலை அதற்கு முந்தியது. தாய்ச்செடியின் நுனியைக் கிள்ளி, கிருமி அண்டாத பெட்டிக்குள் கத்தியால் துண்டு போட்டு, பாட்டிலில் வைப்பேன். ஒரு துண்டு பல கன்றாகும். எல்லாம் அச்சு அசல் ஒன்றே. பூசணம் பிடித்த பாட்டிலைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. "போனா போகட்டும்மா. அதே மாதிரி இன்னும் ஆயிரம் இருக்குல்ல" என்பார் இயக்குநர்.

இதய நோய்க்கான ஒரு செடியைத்தான் அப்போது பெருக்கிக்கொண்டிருந்தோம். அதன் இலையிலிருந்து எங்கள் கம்பெனியே மாத்திரை செய்தது. என் கணவர் சாப்பிட்டதும் அதைத்தான். என் கை பட்ட செடி என்று அவருக்குப் பெருமை.

அவர் தையல்காரர். ஒருநாள் யாருடைய வெள்ளைச் சட்டையையோ மஞ்சள் நூலால் தைத்துவிட்டார். "ரெண்டும் ஒரே கலர்தானே" என்று வாடிக்கையாளரிடம் சண்டை வேறு.

"கண்ணாடிய மாத்துங்க. இல்லேன்னா நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரிய நான்னு நினைச்சுக் கூப்பிடுவீங்க" என்றேன்.

"அவ இவ்வளவு பேச மாட்டா. கண்டுபிடிச்சுடுவேன்" என்றார்.

அந்த வாரமே தையல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்த இயக்குநரிடம் மஞ்சள் நூலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. புதிய தாய்ச்செடியின் இலையில் வீரியம் அதிகம் என்று சோதனை முடிவு முன்பே வந்திருக்கிறது. மருந்து மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். அப்போதே நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளலாமாம்.

"ஆர்டர் போயிடுச்சும்மா. நடுவுல எப்படி வாயத் திறக்கறது? அவருக்கும் முன்னாடியே உடம்பு முடியலதானே."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாத வாயால் என் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அவரைக் கொன்றிருக்கலாம். ஆனால் செத்தவருக்கு என்ன தெரியும்? மிச்சமிருப்பவருக்குத்தான் தெரியும். பாட்டில் போனால் இன்னொரு பாட்டில் வரும், மனுஷி போனால் வரமாட்டாள் என்பது அவருக்குப் புரிய வேண்டும். அதனால் வெயிலம்மாவின் தேநீரில் அந்த இலையைச் சேர்த்தேன். அவள் கன்றுகளுக்கு வெயில் காட்டுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

"என்னக்கா இப்படிக் கசக்குது, என் மேல ஏதும் கோபமா?" என்று ஒருமுறை சிரித்தாள். சர்க்கரையைக் கூட்டினேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எனக்கு உடம்பு சரியில்லாதபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள்.

ஒரு காலையில் கூடாரத்துக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "அக்கா, கன்னெல்லாம் மஞ்சளடிச்சுப் போச்சே. தண்ணி அதிகமாயிடுச்சா?"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கன்றும் பச்சைப்பசேல் என்று நின்றது.

"ஆமா, கொஞ்சம் மஞ்சள்தான்" என்றேன். "ரெண்டு நாள் தண்ணி விடாத, சரியாயிடும்."

தேநீரை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

அவளை எடுத்துக்கொண்டு போன பிறகு இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எதனாலன்னே தெரியலையேம்மா." இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்தும் நானாகத்தான் வந்திருக்கிறேன். தெரிந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருப்பதற்கு நான் ஒன்றும் அவர் இல்லை.