திருப்பிப் போட்ட நாற்காலி

நான் சொல்லப்போவதில் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. என் தாயின் கல்லறை மேல் சத்தியம். அவள் ஒருத்தி போதாதென்றால், பக்கத்திலேயே இரண்டு அத்தைகள் படுத்திருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னதாக எதையும் சொல்ல மாட்டேன். எல்லாம் என் இரண்டு காதாலும் கேட்டது. விசாரிக்க வந்த நீங்கள் மட்டும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அம்மணி. காப்பிக் கோப்பையையும் வாயருகிலிருந்து இறக்கிவிடுங்கள். முகம் பார்த்துப் பேசினால்தான் எனக்குப் பேசிய மாதிரி இருக்கும்.

என் பெயர் எல்வுட் யோஸ்ட். ஆற்றோரத்து இரும்பாலையை இழுத்து மூடிய பிறகு கல்வி மாவட்டத்தில் வேலை கிடைத்தது. செவிச் சோதனைப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். காலையில் முதல் வேலையாக ஹெட்போனை நானே மாட்டி, பெட்டி ஒலிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறேன். பிறகு குழந்தைகள் வருவார்கள். நான் பொத்தானை அழுத்துவேன். சத்தம் கேட்டால் கேட்ட பக்கத்துக் கையை அவர்கள் தூக்க வேண்டும்.

விதிப்படி குழந்தை எனக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முதல் நாளே ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்து அழுதாள். தப்புச் செய்த பிள்ளையை நிறுத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் புருவங்கள் இருக்கின்றன, பாருங்கள், இரண்டு துடைப்பக் கட்டைகள் மாதிரி. பொத்தானை அழுத்தும்போது அந்தப் பக்கத்துப் புருவம் தானாக ஏறும். குழந்தை சிரிக்கும், கையைத் தூக்கும். நான் ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பேன். என்னிடம் ஒரு குழந்தையும் தோற்றதில்லை. ஒரு பையன் ஹெட்போனோடு தூங்கிப்போய், தூக்கத்திலேயே கை தூக்கித் தேறினான். சிறப்பு உதவிப் பிரிவின் இயக்குநர் லண்டீன் என் முதுகில் தட்டினார். பக்கத்து மாவட்டங்களில் தேறாத பிள்ளைகளுக்காக ஆள் போட்டு மாளவில்லையாம்.

டெஸ்ஸா கோசிக் ஐந்து வயதில் வந்தாள். அவளைப் போல் என் முகத்தைக் கூர்ந்து பார்த்த குழந்தை வேறு இல்லை. புருவம் அசையும் முன்பே கை மேலே இருக்கும். அவள் அம்மா டார்லா முடி வெட்டுகிறவள். நானும் அவளிடம்தான் வெட்டிக்கொள்வேன். கண்ணாடி பெரியது, அதில் பார்த்துப் பேச வசதி.

இரண்டாம் வகுப்பிலும் டெஸ்ஸா எழுத்துக் கூட்டவில்லை. கவனம் இல்லாத பிள்ளை என்று, படிப்பு ஏறாதவர்களுக்கென்று வைத்திருந்த கொதிகலன் அறைக்குப் பக்கத்து வகுப்பில் போட்டார்கள். முழுச் சோதனை வேண்டும் என்று டார்லா கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கிறோம் என்றார்கள், ஆள் இல்லை என்றார்கள், வசந்தம் வரட்டும் என்றார்கள். கடைசியில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலகம் முழுவதும். இந்தப் பக்கம் டார்லாவும், அவள் எல்லோருக்கும் கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக்கும்.

"கடையில கண்ணாடியில என்னைப் பாத்தா பதில் சொல்றா. முதுகுப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா" என்றாள் டார்லா.

லண்டீன் கேக்கை மென்றபடி, "அம்மா கூப்பிட்டா எந்தப் பிள்ளைக்குத்தான் காது கேக்குது, மிஸஸ் கோசிக்? எங்க வீட்டுல மூணு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டார்லா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அப்படியே என்னவோ கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அழுகிற பெண்ணுக்குத் தலையாட்டுவது என் வழக்கம்.

அவள் என்ன கேட்டாள் என்று நீங்கள் காட்டிய கூட்டக் குறிப்பில் இருக்கிறது. "சோதனை பண்ணும்போது அவ உங்க முகத்தைப் பாக்காமதானே உக்காந்திருந்தா?" அதற்கு நான் ஆமாம் என்றதாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் முழுச் சோதனை தேவையில்லை என்று முடித்தார்கள். டார்லா கேக் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னால், மளிகைக் கடை வரிசையில் இருவரையும் பார்த்தேன். டெஸ்ஸா முன்பெல்லாம் என்னைக் கண்டால் "பெப்பர்மின்ட்" என்று கத்துவாள். அன்று சும்மா நின்றாள். நான் வணக்கம் சொல்கிற மாதிரி வலது புருவத்தை உயர்த்தினேன். அவள் உடனே கையைத் தூக்கினாள். வேடிக்கைக்கு இடது புருவத்தையும் உயர்த்தினேன். மறு கையும் ஏறியது.

டார்லா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் புருவத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் கண்களைப் பின்னாலிருந்து பொத்தினாள். அவள் உதடு "டெஸ்ஸா" என்றது. மறுபடியும் என்றது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டெஸ்ஸா மட்டும் ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க, மிஸ்டர் யோஸ்ட்?" என்றாள் டார்லா. முகத்துக்கு நேராகத்தான் கேட்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டெஸ்ஸாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது என்றார்கள். ஐந்து வயதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும், அப்போதே கண்டுபிடித்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். இதைத் தன் முடிவெட்டும் கடை வாசலில் நின்று டார்லாவே சொன்னாள். உள்ளே விடவில்லை. அதன் பிறகு என் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன், அது பார்த்தாலே தெரியும்.

என் இடத்துக்கு வந்த பெண் புதுப் பெட்டி கொண்டுவந்தாள், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் தோற்றார்கள். அதில் பலர் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். ஒருவன் நான்காம் வகுப்பிலேயே கிடந்து மீசை முளைத்தவன். அவர்களை மந்தம் என்று யார் சொன்னார்கள் என்று ஊர் கேட்கிறது. நான் சொல்லவில்லை. எல்லோரும் தேறினார்கள் என்றுதான் சொன்னேன். என் முன்னால் ஒரு குழந்தையும் அழவில்லை. அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அழுத பெண்ணுக்காகத்தான் நாற்காலியைத் திருப்பினேனா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். ஆமாம் என்றேனே. வேலைக்குச் சேரும்போது எனக்கு ஏதாவது சோதனை வைத்தார்களா என்றும் கேட்கிறீர்கள். இல்லை, யாருக்கும் தோன்றவில்லை. ஆலையில் நீராவிச் சம்மட்டிக்குப் பக்கத்தில் நின்ற வருடங்களில் என் வலது காது போயிற்று. இடது காது, இந்த வேலையில் சேர்வதற்கு முந்தைய குளிர்காலத்தில்.