நான்கு நாளைக்கு ஆதரவற்றவள்

இட்லியை ரசத்தில் ஊறவைத்துக் கையால் கரைத்துக் கொடுத்தால் தொண்டையில் சிக்காது. மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன் மேடம், போலீஸ் ஸ்டேஷனில் யாருக்காவது உதவும். மீதியை நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

என் பெயர் மாதையன். சேந்தமங்கலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு மூட்டை இறக்குகிறேன். என் மனைவி பூவாத்தாளுக்கு நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது. மகன் சந்திரசேகர் போர்வெல் லாரியோடு வடக்கே சுற்றுகிறான். நான் மூட்டைக்குப் போகிற நேரம் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் பார்த்துக்கொள்வாள்.

போன பொங்கலுக்குப் பொன்னாத்தாள் தன் மகளின் ஊருக்குக் கிளம்பினாள். "நாலு நாளுங்கண்ணா. எனக்கும் ஒரு ஊடு இருக்குதல்லங்க," என்றாள். நியாயம்தான். ஆனால் இரண்டு மணிக்கொரு தடவை பூவாத்தாளைப் புரட்டிப் படுக்கவைத்து நான் சேர்ந்தாற்போல் தூங்கி மூன்று வருடமாகியிருந்தது. எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

உதவி தேடவில்லையா என்று கேட்டீர்கள். தேடினேன். மார்கழியில் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் அமைப்பு, என்னைப் போல வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு விழா எடுத்தது. மேடையில் சால்வை போர்த்தினார்கள். "உதவி கேக்கத் தயங்கவே கூடாது," என்று ஓர் அம்மா பேசினார். தயங்காமல் கேட்டேன்.

"பொங்கலுக்கு நாலு நாளு யாராச்சும் பாத்துக்குவீங்களா?"

"பொங்கலுக்கு எங்களுக்கும் லீவுங்கய்யா," என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும் வழியில் ஒரு காப்பகத்துப் பலகை. நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். பலகை கண்டால் நின்று படிப்பேன். 'ஆதரவற்றோருக்கு மட்டும். உறவினர் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை.' எட்டிப் பார்த்தேன். வெளுத்த விரிப்புகள், புரட்டிப் படுக்கவைக்க மூன்று பெண்கள். பொங்கல் சாப்பாடு போட ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இதெல்லாம் பூவாத்தாளுக்கும் கிடைக்கும். அவளுக்கு இருந்த ஒரே குறை நான்தான்.

போகியன்று காலையில் குளிக்கவைத்துத் தலை சீவினேன். தாலியோடு உட்காரவைத்தால் கட்டினவன் எங்கே என்பார்கள். அதனால் கழற்றினேன். மெட்டியையும் கழற்றினேன். தாலி இறங்கினால் புருஷன் செத்துவிட்டான் என்று பொருள். நான்கு நாள் செத்திருக்க நான் சம்மதித்தேன். அவள் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"நாலே நாளு சாமி. வந்துருவேன்," என்றேன்.

தெரிந்த மினி லாரியில் கொண்டுபோய், சூரமங்கலத்தில் ரயில்வே ஜங்ஷன் வாசல் பெஞ்சில் உட்காரவைத்து அந்தச் சால்வையைப் போர்த்தினேன். டீக்கடை ஓரம் நின்று காப்பகத்துக்குப் போன் செய்தேன்.

"யாரோ ஒரு அம்மா தனியா உக்காந்திருக்குதுங்க. பேச்சு வராது. இட்லியக் கரைச்சுத்தான் குடுக்கோணும்."

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பாத்தாலே தெரியுதுங்க."

இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. நான் போய்ப் படுத்தேன். பொங்கல் எப்போது பொங்கியது என்றே தெரியாது.

ஐந்தாம் நாள் கூட்டிவரத்தான் போனேன். சாப்பாடு போட வந்தவன் என்று நினைத்து வாளியைக் கையில் கொடுத்தார்கள். பரிமாறினேன். கட்டில் அட்டையில் 'லட்சுமி, விதவை' என்று எழுதியிருந்தது. படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண் ஆறத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அங்கே வேலை செய்கிற காளியாத்தாள் ஓடிவந்து கையைப் பிரித்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. வாரவிய எல்லாத்தையும் இப்படித்தான் புடிக்குமுங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நன்றாக இருக்கிறவளை எழுப்பிக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகன் போன் செய்தால் அம்மா தூங்குகிறாள் என்பேன். தமிழ்ப் புத்தாண்டுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் போய்ப் பரிமாறினேன். இரண்டு தடவையும் வேறு வரிசையில்.

போன வாரம் அங்கே ஆதார் எடுக்க வந்தார்கள். அவள் இடது கட்டைவிரலை வைத்ததும் என் பெயர், ஊர், கதவு நம்பர் எல்லாம் வந்துவிட்டன. நான்கு நாள் எப்படி ஒன்பது மாதமானது என்று கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை.

நான்தான் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அதில் மாற்றமில்லை. இப்போது கூட்டிப்போகச் சொல்கிறீர்கள். உங்கள் வாசல் பெஞ்சில் அதே சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டிப்போகிறேன். ஆனால் நாளை மறுநாள் தீபாவளி. பொன்னாத்தாள் ஊரில் இல்லை. நான்கு நாள் மட்டும் காப்பகத்திலேயே இருக்கட்டும். தாலி என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. நான் அவளைக் கைவிட்டவன் இல்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள் மேடம். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள்.