தம்பையாவின் கிழட்டு முகம்

கிழவன் வேஷத்துக்கு நரைமுடி முக்கியமில்லை ஐயா. பஞ்சும் பசையும் இருந்தால் யாரும் ஒட்டிவிடலாம். தோல்தான் முக்கியம். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, வேலம்பிசினைத் தடவி, காய்ந்ததும் விட்டுவிட வேண்டும். தானாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கொஞ்சம் கரியைத் தேய்த்தால் லாந்தர் வெளிச்சத்தில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மடுல்சீமைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் கூத்து என்றாலும் முகம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் டிஸ்பென்சர், மருந்து கலக்கிறவர், கைப்பக்குவம் என்றால் உங்களுக்குப் புரியும்.

தம்பையாவுக்கு என்ன தடவினாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் இராக்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் என் தாய்மாமன் மகள், எனக்கு உரிமைப்பட்டவள். இந்தியச் சீமையில், இந்தத் தோட்டத்துக்குக் கப்பலேறும் முன்பே பேசி வைத்தது. ஆனால் மாமனுக்குத் தம்பையாவின் குரல் பிடித்துப்போனது. ராஜா வேஷம் கட்டுகிறவனுக்கே பெண்ணைக் கொடுத்தார். கல்யாணப் பந்தியில் நான்தான் பரிமாறினேன். நன்றாகவே பரிமாறினேன், யாரும் குறை சொல்லவில்லை.

இந்த வருஷத் திருவிழாக் கூத்தில் அவனுக்கு, காட்டுக்குப் போய்க் கிழவனாகித் திரும்பும் ராஜா வேஷம். ஒத்திகையன்று சாயங்காலம் முகத்தை முழுதாக எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் நான் அதுவரை எழுதியதே இல்லை. சோறு கொண்டுவந்த இராக்கம்மா எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தைத் தடவிச் சிரித்தாள்.

“ஆத்தாடி, கெழவனானாலும் என் ராசா அழகாத்தான் இருக்காரு! கெழடு தட்டினாலும் விட்டுப் போக மாட்டேன்னு நீங்களே சொல்லுங்க மச்சான்.”

என்னையே சொல்லச் சொன்னாள். என் விரல் போட்ட சுருக்கத்தை அவள் விரல் தடவியது. வயிறு எரிந்தது ஐயா, வேறு எப்படிச் சொல்ல. அவளுக்குப் பிடிக்காத ஒரு முகம் அவனுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

துணிக்குக் குறி போட வண்ணார் வீட்டில் சேங்கொட்டை வைத்திருப்பார்கள். அதன் சாறு பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கூத்தன்று அதைப் பிசினில் கலந்தேன். என் விரல்களில் முதலில் எண்ணெய் பூசிக்கொண்டேன். இமையிலும் தடவினேன். கிழவனுக்கு இமை தொங்க வேண்டும், இல்லாவிட்டால் வேஷம் எடுபடாது. அரைகுறையாக வேலை செய்ய எனக்கு வராது.

“எரியுதுண்ணே,” என்றான்.

“புதுப் பிசின், அப்படித்தான் இருக்கும். கை வைக்காத,” என்றேன். என் பேச்சை அவன் தட்டமாட்டான்.

எழுதிய முகத்தை மறுநாள் மஞ்சள் நீராட்டுக்குப் பிறகுதான் கழுவுவது எங்கள் வழக்கம். அதற்குள் விடிந்துவிட்டது, முகமெல்லாம் கொப்புளம். பூசாரி முருகையா எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மை வார்த்திருக்கு,” என்றார். கூத்துக்காக விரதத்தில் இருந்தவனைப் பெண்டாட்டி தொட்டாள், ஆத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் இராக்கம்மாவை ஏசினார்கள். அம்மை என்றால் எங்கள் சனம் தண்ணீர் பட விடாது, மருந்து கொடுக்காது, உங்களுக்கும் சொல்லி அனுப்பாது. பூசிய பிசின் பூசியபடியே இருந்தது.

அவள் மட்டும் என்னிடம் ஓடி வந்தாள். “மச்சான், அந்தப் பசையையாச்சும் கழுவிடட்டுமா? கண்ணு தெறக்க மாட்டேங்குது.”

“ஆத்தா எறங்குற வரைக்கும் தண்ணி படக்கூடாது புள்ள,” என்றேன். வேப்பிலையும் நானே ஒடித்துக் கொடுத்தேன். அன்று கழுவியிருந்தால் தோல் வெந்ததோடு நின்றிருக்கும், கண் தப்பியிருக்கும். நீங்கள் வந்து பார்ப்பதற்குள் கண் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெந்த முகம் சுருங்கி, நான் எழுதியதைவிட நிஜமான கிழவனாகிவிட்டான். அவள் முகம் சுளிக்கவில்லை. கையைப் பிடித்து, தண்ணீர் விழும் பீலிக்குக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டுகிறாள். நேற்று லயத்து வாசலில் அவனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இனிமே நீ எனக்குக் கெழவியாவே ஆக மாட்ட புள்ள,” என்றான். “கடைசியாப் பாத்த மொகந்தான் எனக்கு எப்பவும்.”

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கும் நரைக்கும், பல் விழும், கன்னம் தொங்கும். அதையெல்லாம் நான் பார்த்தாக வேண்டும். அவனுக்கு மட்டும் சாகும்வரை இளமை மாறாத இராக்கம்மா. அதை நானே என் கையால் பிசைந்து கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் நீங்கள் கேட்டதும் மறைக்கவில்லை. சேங்கொட்டைச் சாறு என்று தெரிந்துவிட்டது, இனி அதற்கு மாற்று மருந்து இருக்கும் இல்லையா? என்னைப் போலீசில் கொடுங்கள், பதுளை ஜெயிலுக்கு நடந்தே வருகிறேன். அவன் கண்ணை மட்டும் திறந்துவிடுங்கள் ஐயா. அவள் கிழவியாவதை அவனும் பார்க்கட்டும்.