குதிரை பறந்த மாலை

எங்கள் அறையில் காற்றோட்டம் போதாது. அதனால் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருப்போம். சூடு இறங்க அதைவிட எளிய வழி இல்லை.

போனுக்கென எழுதிய செயலியை மேசைக் கணினியில் ஓட்டலாம் என்றால் அப்போது சிரிப்பார்கள். விஷயம் இதுதான். போனின் சிப்புக்குத் தெரிந்த கட்டளை மொழி வேறு, கணினியின் சிப்புக்குத் தெரிந்தது வேறு. நடுவே நின்று ஒவ்வொரு கட்டளையாக மொழிபெயர்க்கும் எமுலேட்டரை நான் எழுதினேன். மவுஸ் அம்பை விரல் என்றே செயலி நம்பியது. பந்தய விளையாட்டில் குதிரை, தண்ணீருக்குள் ஓடுவதுபோல் ஓடியது. ஆனால் ஓடியது.

என் தங்கையின் கணவன் என்னோடுதான் வேலை பார்த்தான். கெட்டிக்காரன்.

"உங்க குதிரை கொள்ளு தின்னு கிளம்புறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிரும் மச்சான்," என்பான். நானும் சிரிப்பேன்.

அன்று மாலை புதிதாக ஒன்றைக் காட்டினான். போனின் இயங்குதளத்தையே கணினிச் சிப்பின் மொழியில் கட்டியிருந்தான். குதிரை பறந்தது.

"இனிமே மொழிபெயர்ப்பே வேணாம். உங்களோடதைத் தூக்கிக் கடாசிரலாம்."

"இந்தக் குதிரை விளையாட்டு எந்தச் சிப்புலயும் ஓடும். போன் சிப்புக்குன்னே எழுதின செயலியெல்லாம் இதுல ஓடாதே, மாப்பிள்ளை. அதுக்கு என்னோடது வேணுமே?"

"அட, விடுங்க மச்சான். நாளைக்குப் பணம் போட வர்றவங்களுக்கு இதையே காட்டுவோம்."

முழுதும் கேட்காமலே திரைப் பக்கம் திரும்பிவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. தகட்டை எடுத்தேன். முதல் வெட்டு காதுக்கு மேல் விழுந்தது. தொட்டுப் பார்த்து, "என்ன மச்சான்?" என்றான். அடுத்தது அவன் தடுத்த விரல்களில் இறங்கியது. மெல்லிய தகடு, வளைந்துவிட்டது. மேசையில் பழைய பவர் சப்ளை ஒன்று கிடந்தது. உள்ளே செம்புச் சுருள் இருப்பதால் அதற்குக் கனம் அதிகம். அதனால் அடித்தபோது மண்டை உள்வாங்கியது.

மூச்சு உடனே நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கேட்காமல் விட்ட மீதியை விளக்கினேன். முதல்முறையாக அவன் குறுக்கே பேசவில்லை. நான் முடிக்கும்வரை கண் திறந்தே இருந்தது. அவனுக்குப் புரிந்தது, ஐயா.

தங்கை இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வரச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாக விளக்கினால் அவளுக்கும் புரியும்.