இலை பச்சையாத்தான் இருக்கும்

"ஹலோ... ஹலோ, துர்திமுரத் அண்ணனா? நான் பெரிசாத், நூகுஸ் டவுன்லேர்ந்து... ஆமா, ஆமா, ஆராய்ச்சிக்கூடத்துலேர்ந்து இலை பறிக்க வருவேனே, அவளேதான்... இல்லண்ணே, டீ குடிக்க அப்புறம் வர்றேன். வாய்க்கால் முறை இன்னிக்கு உங்களுதுதானே?... பக்கத்து வயல் பசர்பாய்க்கு விட்டுக்குடுத்துட்டீங்களா? ஐயோ, ஏண்ணே?... ஆமா. நான்தான் சொன்னேன். கோதுமை பச்சையா இருக்கு, அவசரமில்லைன்னு நான்தான்..."

பெரிசாத்தின் காதில் போன் வியர்வையில் வழுக்கியது.

"கேளுங்க, உடனே போய் மதகை உங்க பக்கம் திருப்புங்க... பச்சையாத்தான் இருக்கும்ணே! வெளியில தெரியாது. நாங்க இலையை அரைச்சு, உள்ள இருக்கிற புரதத்தைப் பிரிச்சுப் பார்த்தோம். தாகத்துல தவிக்கிற பயிர், வாடுறதுக்கு முன்னாடியே உயிரைப் பிடிச்சுக்க சில புரதங்களை அள்ளி அள்ளிச் செய்யும். உங்க வயல்ல அது எக்கச்சக்கமா ஏறியிருக்கு... இல்ல, எங்க ஆராய்ச்சிக்கு விட்ட ஓரத்துண்டு மட்டுமில்ல, மொத்த வயலும். கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் காயவிட்டா பதர்தான் மிஞ்சும்... என்ன?... எனக்கு எப்போ தெரியும்னா கேக்கறீங்க?"

'இப்பத்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"போன வாரமே தெரியும்ணே... ஹலோ? இருக்கீங்களா?... தண்ணி விட்டா பயிர் தெளிஞ்சிரும். தெளிஞ்சிட்டா, தாகத்துல தவிக்கிற இலை என் ஆராய்ச்சிக்குக் கிடைக்காது. இன்னும் ஒரே ஒரு தடவை பறிச்சுக்கலாம்னு... ஆமா, மறைச்சேன்... இல்ல, மேல யாரும் சொல்லல. நானேதான்... திட்டுங்கண்ணே. நல்லாத் திட்டுங்க. ஆனா முதல்ல பசர்பாய்கிட்ட... தரமாட்டாரா? அப்ப அவர் நம்பரைச் சொல்லுங்க. உங்க மேல தப்பில்லை, எல்லாம் என் வேலைன்னு நானே சொல்லிக் கெஞ்சறேன்... ம்... ம்... எழுதிக்கிட்டேன்."

அவசரத்தில் பேனாதான் கிடைத்தது, தாள் இல்லை; எண்ணை உள்ளங்கையில் எழுதியிருந்தாள்.

"யாரு, அண்ணி அழறாங்களா?... வேண்டாம், குடுக்காதீங்க... இல்ல, குடுங்க... குல்பர்ஷின் அண்ணி... ஆமா அண்ணி. உங்க ரொட்டியைத் தின்னுட்டுத்தான் செஞ்சேன். அன்னிக்கு நீங்க தந்தூர் அடுப்புலேர்ந்து எடுத்துச் சூடா குடுத்தீங்களே, அப்பவே எனக்குத் தெரியும்... வாயைத் திறக்கலை... இல்ல, மன்னிக்கச் சொல்லலை. வர்றேன். இன்னிக்கே வண்டி பிடிச்சு வர்றேன். வாசல்ல ஏத்தலைன்னாலும் வயல்ல நிக்கறேன், மண்வெட்டி புடிக்கத் தெரியும்... போனை அண்ணன்கிட்டயே குடுங்க..."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள். பெரிசாத் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லுங்கண்ணே... என்னது?... என் ஆராய்ச்சியா?"

எதிரே கணினித் திரையில் புரத அளவைக் காட்டும் கோடுகள் அவள் நினைத்தபடியே, ஒரு பிசிறில்லாமல் ஏறி நின்றன.

"வந்திருக்கு... ஆமாண்ணே. ரொம்ப நல்லா வந்திருக்கு... அண்ணே? ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது. அவள் கையை விரித்து, பசர்பாயின் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.