தேவ்நாரிலிருந்து இழுத்து வந்த கார்

“எவ்வளவு காத்தை அடைச்சாலும் பிஸ்டன் தாங்கணும்லா?” என்றான் சிராஜ்.

“அதைத்தான் அவரும் சொன்னாரு. தம்பிக்காரன் கேக்கலையே” என்றேன்.

தாராவியில் கரண்ட் போன ராத்திரி. பட்டறை வாசலில் சிராஜ், பூலோகம், நான். ஒரே மெழுகுவத்தி. நான் சொல்லிக்கொண்டிருந்தது என் கூட்டாளி சொரிமுத்துவின் மாமாவுக்கு நடந்தது. மெக்கானிக் பிரம்மநாயகம். போன வருஷம், எண்பத்தேழில்.

அவர் தம்பி இசக்கியிடம் கப்பலில் வந்த ஜப்பான் குட்டிக் கார் ஒன்று இருந்தது. டர்போ வைத்தது. வெளியேறும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும்... அது இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றை அடைக்கும். அளவு மீறினால் ஒரு வால்வு திறந்துவிடும். அந்த வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கினால் சீக்கிரம் திறக்காது. வேகம் கூடும். சூடும் கூடும். அப்படிப் போட்டுத் தரச் சொல்லி இசக்கி நச்சரித்தான்.

“மாட்டேம்லே. சின்ன இன்ஜின். உருகிரும்” என்றார் அண்ணன். இசக்கி அவரோடு பேச்சை நிறுத்தினான். கடைசியில் அவரே போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு வாஷர்.

தேவ்நார் ரோட்டில் கார் சுழன்று கம்பத்தில் மோதியது. இசக்கி அங்கேயே முடிந்தான். டயர் வெடித்ததா, இன்ஜின் ஜாம் ஆனதா, பார்த்தவர் இல்லை. இன்ஜினைப் பிரித்தால் தெரியும். பிஸ்டன் உருகியிருந்தால்... தம்பியைக் கொன்றது தன் கை.

காரியம் முடிந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, ஜீப்பை எடுத்துக்கொண்டு அவர் அங்கே போனார். அழவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. ரோட்டில் ஆளில்லை. குப்பைமேட்டுப் புகை, எரிந்த ரப்பர் நாற்றம். ரோட்டோரம் அப்படியே கிடந்த காரை நியூட்ரலில் போட்டு, ஜீப்புக்குப் பின்னால் கயிற்றால் கட்டிக் கிளம்பினார்.

கிர்... கிர்... கயிற்றுச் சத்தம் மட்டும்.

செம்பூர் நாக்கா சந்திப்பில் குறுக்கே லாரி. பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. பின்னால் காரும் நின்றது... இடிக்காமல்.

“நல்லதுதானே?” என்றான் பூலோகம்.

“லே கிறுக்கா!” சிராஜின் குரல் இறங்கியிருந்தது. “கயிறு கட்டி இழுத்தா, பின்வண்டியில ஒருத்தன் உக்காந்து பிரேக் புடிக்கணும்லே.”

பூலோகம் நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்தான்.

பிரம்மநாயகத்துக்கும் அப்போதுதான் உறைத்தது. பின்னால் ஆள் வைக்க மறந்திருந்தார். அத்தனை வளைவிலும் கார் விலகாமல் வந்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்கூட வரவில்லையாம். கைகால் யாருடையதோ போலிருந்ததாம். சயான் தாண்டி... தாராவி.

தன் பட்டறை முன்னால் நிறுத்தினார். பின்னால் ஹேண்ட்பிரேக் இழுக்கும் சத்தம். கிரிக். கிரிக். கிரிக்.

இறங்கினார். காரின் பானெட்டைத் தூக்கினார். முதல் நட்டில் ஸ்பானரை வைத்தார்.

கண்ணாடி உடைந்த சன்னலுக்குள்ளிருந்து, தாழ்ந்த குரல்.

“அண்ணே... பிரிச்சுப் பாக்காதண்ணே.”