பெட்ரோல் முள் இறங்கியதும் ஏறியதும் பற்றி

ஐயா, முதலில் என் எழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கட்டடங்களுக்கு வெள்ளையடித்த கை இது. பிரஷின் அகலத்துக்குப் பழகியது, பேனாவின் மெல்லிசுக்கு இன்னும் பழகவில்லை. வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே சாயும். ஏட்டையா, “நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வருடம்தான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இதுவரை எல்லாக் காகிதத்திலும் கைநாட்டு வைத்தவன். என்ன எழுதியிருந்ததோ, யார் கண்டது. இனிமேல் என் பேச்சை நானே எழுதுவதாக இருக்கிறேன். நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயரையும் வயதையும் விலாசத்தையும் மேலே உள்ள கட்டங்களில் நானே நிரப்பியிருக்கிறேன். வயதில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். மகன், மருமகளோடு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் கார் கழுவும் நுரை என்பவர் எங்கள் காரிலிருந்து பெட்ரோல் திருடியதாக என் மகன் புகார் கொடுத்திருக்கிறான். சோப்பு நுரையோடேயே திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். நான் எழுதுவதைப் பொறுத்துத்தான் அவரை வீட்டுக்கு அனுப்புவதா கோர்ட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போவதாக இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். நுரை எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதம் முன்பு என் மகன் பழைய கார் விற்கும் கடையில் இந்தப் பெட்ரோல் காரை வாங்கினான். நானும் கூடப் போயிருந்தேன். காரின் பின்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். ஒரு லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர் என்று இருந்தது. வகுப்புக்கு வெளியே நான் தட்டுத்தடுமாறாமல் படித்த முதல் வரி அதுதான். மருமகள் கை தட்டினாள். கடைக்காரர், “அச்சுல இருக்கு பாருங்கய்யா, நான் சொல்லல” என்றார். அச்சில் இருப்பது பொய்யாக இருக்காது என்று நானும் என் மகனிடம் சொன்னேன். பெட்ரோல் மூடியின் பூட்டு கெட்டிருந்தது. அதைக் கேட்டதற்கு, “அதெல்லாம் ஒரு விஷயமா” என்று கடைக்காரர் பேச்சை மாற்றினார். அது எனக்கு அப்போதே உறுத்தியது.

அதன் பிறகு கார் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் ஓடியது. என் மகன் கணக்குப் போட்டு முகத்தைச் சுளித்தான். முதலில் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டான். பங்க்கை மாற்றினோம், அப்படியே இருந்தது. அதன் பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது தன் மனைவியைப் பார்த்து, “ஆபீஸுக்கு மட்டும்தான் போறியா?” என்று கேட்டான். காரை ஓட்டுவது அவள்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். “அவர்கிட்ட சொல்லுங்க மாமா” என்று அவளும், “அவகிட்ட கேளுங்கப்பா” என்று அவனும். நான் வெள்ளையடிக்கிற வேலையிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு என் மகன் என்னிடம், “உங்களுக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுதேப்பா, தினமும் பெட்ரோல் முள்ளப் பாத்து வைங்க” என்றான். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்க விரும்பவில்லை. மாலையில் மருமகள் வரும்போது நான்தான் கேட் திறப்பேன். அவள் தெருவில் நிறுத்துவாள், நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து முள் எங்கே இருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்வேன். “சோதனை முடிஞ்சுதா மாமா, உள்ள போகலாமா?” என்பாள். அதன் பிறகு அவள் காரைக் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவில் நிறுத்துவாள். கடைசியாகக் கார் வாங்கியவர்கள் நாங்கள் என்பதால் எங்களுக்குச் சரிவில்தான் இடம். காரின் மூக்கு கீழே பார்த்திருக்கும். காலையில் சாவியை வாங்கிப்போய்த் திருப்பி மறுபடியும் முள்ளைப் பார்ப்பேன். ஒவ்வொரு காலையும் அது மாலையில் இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது.

இதைச் சொன்னதும் என் மகன் முகத்தில் பல நாள் கழித்துத் தெளிவு வந்தது. “அப்போ வெளியாள்தான்” என்றான். மருமகளும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டார்கள். சந்தேகத்தை இறக்கிவைக்க எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்று இப்போது எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது.

அதன் பிறகு காலை வேளைகளில் மாடிப்படி ஜன்னலில் நின்று காவல் இருந்தேன். முந்தாநாள் காலை நுரை எங்கள் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் குழாய் இருந்தது. அதன் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சிக் கீழே துப்பினார், குழாயைப் பக்கெட்டில் விட்டார். நான் பார்த்தது இவ்வளவுதான். குழாயின் மறுமுனை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை, கார் மறைத்தது. என் மகனை எழுப்பினேன். அவன் இறங்கி ஓடிச் சட்டையைப் பிடித்தான். நுரை, “சார், டிரம்முல இருந்து தண்ணி எடுக்கறேன் சார், குழாயில தண்ணி வரல” என்றார். காருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் டிரம் இருந்தது உண்மை. “எத்தனை நாளா தண்ணி எடுக்கற?” என்று என் மகன் கேட்டான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

போலீஸ் அவரைக் கூட்டிப்போன பிறகு நான் அந்தப் பக்கெட்டை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பெட்ரோலை வேறெங்கோ ஒளித்திருப்பார் என்று நினைத்தேன். படிக்கட்டுக்குக் கீழே ஒரு கேன் கிடைத்தது. பிடித்துவிட்டேன் என்று ஆவலோடு மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். பினாயில். ஒரு மணி நேரம் தும்மினேன்.

அதன் பிறகு நேற்றுக் காலை வழக்கம்போல முள்ளைப் பார்த்தேன். அது இறங்கியிருந்தது. நுரை இங்கே ஸ்டேஷனில் இருக்கிறார், முள் அங்கே இறங்குகிறது. இன்னொரு திருடனும் இருக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, அப்படியே கத்தவும் செய்தேன். என் மகன் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தான். மருமகள் நேரமாகிவிட்டது என்று காரைப் பின்னால் எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நான் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன். சிறிது நேரத்தில் முள் மேலே ஏறி, முந்தின மாலை இருந்த இடத்தில் நின்றது. இடையில் யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை. காரை மறுபடி சரிவில் இறக்கச் சொன்னேன். முள் இறங்கியது. மேலே ஏற்றச் சொன்னேன். ஏறியது. மறுபடி இறக்கச் சொன்னபோது மருமகள் ஹாரனில் கையை வைத்துவிட்டாள். “மாமா, இப்ப நான் திருடறேனா, திருப்பிப் போடறேனா? ஒண்ணு சொல்லுங்க” என்றாள். தொட்டிக்குள் பெட்ரோல் முன்பக்கம் சாய்வதால் முள்ளும் சாய்கிறது, அவ்வளவுதான். நான் மாலையில் சமதரையில் பார்த்தேன், காலையில் சரிவில் பார்த்தேன். முள் மேல் குற்றமில்லை.

என் மகன் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. “முள்ளு சரிப்பா. இருபத்தொண்ணு ஏன் பதிமூணு ஆச்சு? மிச்சம் எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு மருமகளைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நுரையை விட்டுவிட்டால் அது மறுபடி அவள் மேல்தான் போய் உட்காரும் என்று தெரிந்தது. அதனால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பங்க்கில் தொட்டி நிரம்பிக் குழாய் தானாக நிற்கும் வரை பெட்ரோல் போடச் சொன்னோம். அங்கிருந்து அவள் ஆபீஸுக்கு நேராகப் போனாள். வழி நெடுக சிக்னல், பள்ளிக்கூட வாசலில் நெரிசல், உள்ளே ஏ.சி. அவள் வேலை செய்த பகல் முழுவதும் நான் அந்தக் காரைவிட்டு ஒருமுறைதான் இறங்கினேன். அப்போதும் ஆபீஸ் காவலாளியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் போனேன். அந்தக் காவலாளி, “யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க பெரியவரே?” என்றார். பெட்ரோலுக்காக என்றேன். அவர் அதன் பிறகு என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். நுரை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரமும்.

மாலையில் அதே வழியில் திரும்பி அதே பங்க்கில் அதேபோல நிரப்பினோம். பங்க்கில் இருந்தவரையே கணக்குப் போடச் சொன்னேன். பதின்மூன்றுதான் வந்தது. நுரை தொடவில்லை. மருமகள் எங்கும் திரும்பவில்லை. காவலுக்கு நான் இருந்தேன். யாரும் திருடாமலேயே அது பதின்மூன்றுதான் ஓடும்.

அதன் பிறகு வழியில் கார் விற்ற கடையில் இறங்கிக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “அது கம்பெனியில மெஷின் மேல நிறுத்தி ஓட்டிப் பாத்த அளவுய்யா. சிக்னல் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, அதுவும் வண்டி புதுசா இருந்தப்ப. அச்சுல இருக்கறதெல்லாம் ரோட்டுல ஓடுமா?” என்றார். விற்கும்போது இதைச் சொல்லவில்லையே என்றேன். “நீங்க கேக்கலையே, படிச்சீங்க” என்றார். என் மருமகள் அங்கே நின்று கேட்டாள். அவளே என் மகனிடம் போய்ச் சொன்னாள், என் வழியாகச் சொல்லவில்லை. அவன் புகாரைத் திரும்ப வாங்கவில்லை. சட்டையைப் பிடித்தவனுக்கு அது சுலபமில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் நான் தனியாக வந்திருக்கிறேன்.

பின்கண்ணாடியில் இருந்த தாளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். யாரையாவது விசாரிப்பதாக இருந்தால் இதை விசாரிக்க வேண்டுகிறேன். கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. நுரை மேல் இல்லை. அவர் என் வீட்டுப் பெட்ரோலைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. அவர் வாயில் இருந்தது தண்ணீர் என்றே நம்புகிறேன்.

மேலே உள்ளது அச்சில் வந்ததல்ல. நான் கண்ணால் பார்த்து, யாரும் சொல்லித் தராமல், என் கையால் எழுதியது. எழுதியதை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(கையெழுத்து)

தாளில் இடம் மிச்சம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். ஒரு நாள் ஓட்டம் போதாது, காரில் ஏட்டையாவை உட்காரவைத்து இந்த வாரம் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா இப்போது சொல்கிறார். நல்லது, ஓட்டட்டும். அது எத்தனை வந்தது என்பதை அடுத்த வாரம் இதே மேசையில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதித் தருகிறேன். அதற்கு நான் வந்தால் போதும். நுரை வர வேண்டியதில்லை.